அம்புத் துளைப் பிள்ளையார்

ஆல்ட்வெல்லில் இன்று மழையா வெயிலா என்று ஆல்ட்வெல்காரர்களே அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. மெல்பேர்ணில், நோபல் பார்க்கில் இருக்கும் தேவராஜாவுக்குத்தான் அந்தக் கவலை. அறுபத்தாறு வயது, இரண்டு முழங்காலிலும் நோவு, வேலையிலிருந்து ஓய்வு. காலையில் முகம் கழுவித் தேத்தண்ணியோடு குசினிக் கதிரையில் உட்கார்ந்தால் முதலில் பார்ப்பது இங்கிலாந்தின் கிழக்கு மூலையிலிருக்கும் அந்தச் சின்ன ஊரின் காலநிலை. அடுத்தது அந்த ஊர்க்காரர்களின் பேஸ்புக் பக்கம். எந்தப் பேக்கரி மூடிவிட்டது, எந்தத் தெருவில் தண்ணீர்க் குழாய் வெடித்தது, யாருடைய பூனை காணாமல் போனது எல்லாம் அவருக்கு அத்துப்படி. நோபல் பார்க்கில் பத்து வருடமாகப் பக்கத்து வீட்டில் இருப்பவருடைய பெயரைக் கேட்டால் சற்று யோசிப்பார்.

"அந்தப் பூனை கிடைச்சிட்டுதாம்" என்பார் மனைவியிடம்.

"நல்ல விசயம். குப்பை வாளியை வெளியில வையுங்கோ, லொறி வரப்போகுது" என்பாள் ரஞ்சினி.

அவர்கள் அந்த ஊரைவிட்டு வந்து இருபது வருடம் ஆகிவிட்டது. ரஞ்சினி தாதி. டண்டினோங் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நல்ல வேலை கிடைத்தது. பிள்ளைக்கு வெயில் நல்லது, சொந்தக்காரர் பாதிப்பேர் மெல்பேர்ணில்தான் என்று அவள் கணக்குப்போட்டுக் கிளம்பினாள். தேவராஜா கிளம்பவில்லை, இழுத்துக்கொண்டு வரப்பட்டார். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலை விட்டு ஓடிவந்தபோதுகூட இவ்வளவு அழவில்லை என்று வெட்கமில்லாமல் சொல்வார். ஊரை விட்டு வந்தது உயிர் தப்ப. ஆல்ட்வெல்லை விட்டு வந்தது எதற்கு என்று அவருக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை.

அவருடைய வியாதிக்குப் பெயர் மதில். எழுநூறு வருடத்துக்கு முன் ஆல்ட்வெல்லைச் சுற்றிக் கட்டிய காவல் மதில். உடைத்தால் உள்ளே கறுப்பாக மின்னும் சிக்கிமுக்கிக் கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, மூன்றாள் உயரத்துக்கு எழுப்பியிருந்தார்கள். பிறகு வந்தவர்கள் வண்டி போக இடமில்லையென்று வாசல்களை இடித்தார்கள். வீடு கட்டக் கல் வேண்டுமென்று சுவரைப் பெயர்த்தார்கள். கடைசியில் மிஞ்சியது மூன்றே துண்டு. ஒன்று ஒரு வங்கியின் நிலவறையில், கண்ணாடிக்குப் பின்னால். இன்னொன்று நகரசபைக் கார் தரிப்பிடத்தின் ஓரத்தில், அரைக் கோபுரத்தோடு. மூன்றாவது துண்டு, தேவராஜா குடும்பம் பதினான்கு வருடம் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்வளவில், எல்லைச் சுவராக நின்றது.

கார் தரிப்பிடத்தில் கட்டணத் துண்டு கிழிக்கும் வேலைதான் தேவராஜாவுக்கு. சின்னக் கூண்டு, ஒரு ஹீற்றர், முன்னால் அரைக் கோபுரம். காரை விட்டு இறங்கும் உல்லாசப் பயணிகள் இது என்ன, எந்தக் காலத்தது என்று கூண்டுக்குள் இருப்பவரைத்தானே கேட்பார்கள். முதல் மாதம் தெரியாது என்றார். இரண்டாம் மாதம் நூலகத்துக்குப் போனார். ஒரு வருடத்தில் எந்த அரசர் காலத்தில் வரி விதித்துக் கட்டியது, எந்த வாசலில் யாருடைய தலையைச் செருகினார்கள் என்பதெல்லாம் அவருடைய நாக்கு நுனியில் வந்துவிட்டது. அன்னியன் உள்ளே வரக்கூடாது என்று கட்டிய மதிலின் கதையை, விசா இல்லாமல் கடல் தாண்டி வந்த ஒருவன், அந்த நாட்டுக்காரருக்கே எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தான். அவர்களும் கைகட்டிக் கேட்டார்கள். தேவராஜா தன் வாழ்க்கையில் ஆளாக நிமிர்ந்து நின்ற இடம் அந்தக் கூண்டுதான்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு இன்னும் நெருக்கம். கோடையில் பகல் முழுக்க வெயில் குடித்த கல் பொழுதுபட்ட பிறகும் சூடாக இருக்கும். முதுகைச் சாய்த்துக்கொண்டு புருசனும் பெண்சாதியும் தேத்தண்ணி குடிப்பார்கள். மகள் மிருணாளினி அந்தச் சுவரைப் பிடித்துத்தான் நடை பழகினாள். ரஞ்சினி அதன் அடியில் சாக்கு விரித்து மோர்மிளகாய் காயவைத்தாள். அந்த மதிலில் ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது, பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று வீட்டுக்காரி முதல் நாளே எச்சரித்திருந்தாள். ஆணி அடிக்கவில்லை. ஆனால் நெஞ்சளவு உயரத்தில் அம்பு எய்கிற துளை ஒன்று இருந்தது. வெளிப்பக்கம் இரண்டு விரல் இடுக்கு, உட்பக்கம் ஒரு முழ அகலம். அதைப் பார்த்ததும் எந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கும் என்ன தோன்றுமோ அதுதான் ரஞ்சினிக்கும் தோன்றியது. ஊரிலிருந்து புறப்படும்போது அம்மா கையில் தந்த வெண்கலப் பிள்ளையாரை அவள் அதற்குள் இருத்தி, பூ வைத்து, விளக்குக் கொளுத்திவிட்டாள்.

நாலு விரல் உயரம்தான் பிள்ளையார். மூன்று தலைமுறை அபிஷேகத்தில் தும்பிக்கை தேய்ந்து வழவழவென்று இருக்கும். காற்றுக்கும் அணையாமல் விளக்கு எரிந்தது. எதிரியைப் பார்த்து அம்பு விடக் கட்டிய துளைக்குள் அவர் பதினான்கு வருடம் மோதகம் தின்றார்.

மெல்பேர்ணுக்கு வந்து சாமான் பெட்டிகளைப் பிரித்தபோது பிள்ளையார் இல்லை. பதினோராம் பெட்டியில் தானே துணி சுற்றி வைத்ததாகத் தேவராஜா சொன்னார். பதினோராம் பெட்டியில் சட்டி பானைதான் இருந்தது. கப்பலில்தான் எங்கேயோ போய்விட்டது என்றார். ரஞ்சினி இரண்டு வருடம் கப்பல் கம்பனியோடு கடிதத்தில் சண்டை பிடித்தாள். கடைசியில் அவர்கள், பாவம், செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக்கூடக் கேட்டு எழுதினார்கள். அதற்குப் பிறகு அவள் வேறு பிள்ளையார் வாங்கவில்லை. சாமித்தட்டில் படங்கள் இருந்தன, நடுவில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. வாங்கித் தரட்டோ என்று மகள் கேட்டால், "அவர் வருவார்" என்பாள்.

ஒரு வியாழக்கிழமை காலை, தேவராஜா வழக்கம்போல் பேஸ்புக்கைத் திறந்தார். தேத்தண்ணிக் கோப்பை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

நீலக் கையுறை போட்ட ஒரு கை. அந்தக் கைக்குள் பிள்ளையார்.

ஆல்ட்வெல் மதில் நண்பர்கள் சங்கம் போட்ட பதிவு. மதிலைப் பழுதுபார்த்தபோது, அடைக்கப்பட்டிருந்த ஓர் அம்புத் துளைக்குள் இந்திய விக்கிரகம் ஒன்று கண்டெடுக்கப்பட்டதாம். அடைத்திருக்கும் விதத்தைப் பார்த்தால், பழைய முறைப்படி சுண்ணாம்புச் சாந்தில் கைதேர்ந்த கொத்தன் செய்த வேலையாம். இருநூறு வருடத்துக்கு முன் கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரி யாரோ கொள்ளையடித்துக் கொண்டுவந்ததை ஒளித்துவைத்திருக்கலாமாம். அடுத்த மாதம் நகர அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறார்களாம். யாருக்காவது ஏதாவது தெரிந்தால் எழுதலாம் என்று கீழே போட்டிருந்தது.

கைதேர்ந்த கொத்தன் என்ற சொல்லை அவர் இரண்டு தரம் வாசித்தார். கள்ளம் பிடிபடும் நேரத்திலும் மனுசனுக்குப் பெருமை விடவில்லை.

ஏனென்றால் கொத்தன் அவர்தான். ஒரு புயலுக்குப் பிறகு கார் தரிப்பிடத்து மதிலைப் பழுதுபார்க்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்தே சாந்து குழைக்கிற வித்தையைப் படித்துக்கொண்டார். சீமெந்து தொடக்கூடாது, சுண்ணாம்பும் மணலும்தான், மெதுவாகத்தான் இறுகும் என்று அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டைக் காலிசெய்யும் வாரத்தில், ரஞ்சினி ஆஸ்பத்திரியில் கடைசி வேலைநாட்களை முடித்துக்கொண்டிருந்தபோது, அவர் பிள்ளையாரை இன்னும் ஒரு முழம் உள்ளே தள்ளி, முன்னால் கல் அடுக்கி, சாந்து பூசி, ரஞ்சினியின் கண்ணில் படாமல் பழைய பலகைகளை அதன்முன் சாத்திவைத்தார்.

கெட்ட எண்ணம் இல்லை. பஸ் கதிரையில் துவாய் போட்டு இடம் பிடிப்பது நம்மவர் வழக்கம். அதைப் போலத்தான் இதுவும். பிள்ளையார் அங்கே இருந்தால் எப்படியும் எடுக்கப் போகவேண்டும், போனால் ரஞ்சினியின் மனம் மாறும், பேசாமல் அங்கேயே இருந்துவிடலாம் என்று அவருடைய மூளை ஒரு கோடு போட்டது. மெல்பேர்ணில் ஒரு வருடம் தாக்குப்பிடிப்பாளா என்றுகூட நினைத்தார். அவள் தாக்குப்பிடித்தாள். வீடு வாங்கினாள், கார் ஓட்டப் பழகினாள், கரம் டவுன்ஸ் கோயிலில் பாதிப்பேரைச் சிநேகிதம் பிடித்தாள். விடுமுறைக்கு ஆல்ட்வெல் போவமோ என்று அவர் கேட்கும்போதெல்லாம், "அந்தக் குளிருக்குள்ள என்ன கிடக்கு?" என்று ஒரே வெட்டு. பிள்ளையார் கிடக்கிறார் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. முதல் கிழமை சொல்லியிருந்தால் ஏச்சோடு போயிருக்கும். இருபது வருடம் கழித்துச் சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்து ஒவ்வொரு முறையும் பேச்சை மாற்றினார்.

இரண்டு நாள் தவித்தார். சொல்லாவிட்டால் மாமியார் கொடுத்த பிள்ளையார் யாரோ கொள்ளைக்காரனின் பெயரில் கண்ணாடிக்குள் போய்விடும். சொன்னால் ரஞ்சினி இனித் தன்னை நம்பமாட்டாள். சனிக்கிழமை காலை அவள் குளித்துவிட்டு வந்து சாமித்தட்டின் முன் நின்றாள். அந்த வெறும் இடத்தில் தினமும் வைப்பதுபோல ஒரு செவ்வரத்தம் பூவை வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை.

"ரஞ்சி, இஞ்ச வந்து கொஞ்சம் இரும்."

"என்னப்பா? நெஞ்சு நோகுதோ?" தாதி அல்லவா, கை நேரே நாடிக்குப் போனது.

"நெஞ்சு நோகேல்லை. நான் ஒரு பிழை விட்டுட்டன்" என்று போனை நீட்டினார்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். படத்தை விரலால் பெரிதாக்கினாள். தும்பிக்கையைப் பார்த்தாள். பதிவை வாசித்தாள். அவர் மென்று விழுங்கி எல்லாவற்றையும் சொல்லிமுடிக்கும்வரை படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அம்மா ஒவ்வொரு ஞாயிறும் போனில கேக்கிறவ. பிள்ளையார் சுகமோ எண்டு" என்றாள் கடைசியில். "ஓம் அம்மா, சுகமா இருக்கிறார், இண்டைக்கு மோதகம் வச்சனான் எண்டு சொல்லுவன். அவ சாகும் வரைக்கும் பொய் சொன்னனான். உங்களாலை."

தேவராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இதை அவர் யோசித்ததே இல்லை. ஒரு பொய் என்று நினைத்தது, தான் அறியாமல் கொக்குவிலில் இருந்த மாமியார்வரைக்கும் போயிருக்கிறது.

நாலு நாள் வீட்டில் பேச்சு இல்லை. சோறு வந்தது, குழம்பு வந்தது, மருந்துக் குளிசைகூடத் தண்ணீரோடு மேசையில் இருந்தது. பேச்சுமட்டும் இல்லை. சொல்ல வேண்டியதெல்லாம் மல்கிரேவில் இருக்கும் மகள் வழியாக வந்தது.

"அப்பா, ஆர் யூ சீரியஸ்? அம்மம்மான்ர பிள்ளையாரைச் சுவருக்குள்ள வச்சு அடைச்சிட்டீங்களா?" என்று மிருணாளினி போனில் கத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கைதேர்ந்த கொத்தன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐந்தாம் நாள் ரஞ்சினி அவருடைய கதிரைக்கு முன்னால் லப்டொப்பைக் கொண்டுவந்து வைத்தாள். சங்கத்துக்குக் கடிதம் அவளே எழுதி முடித்திருந்தாள். விக்கிரகம் தன் தாயாருடையது, மதிலை அடைத்தது தன் கணவர், செய்தது தவறு, அதற்காக அவர் மன்னிப்புக் கேட்கிறார் என்று இருந்தது. பழைய படம் ஒன்றும் சேர்த்திருந்தாள். அம்புத் துளை, விளக்கு, பக்கத்தில் இடுப்பில் குழந்தையோடு முப்பது வயது ரஞ்சினி.

"கீழ உங்கட பேரைப் போடுங்கோ" என்றாள். போட்டார்.

சங்கத்தின் செயலாளர் ஹிலரி என்ற பெண்மணி. மூன்றாம் நாள் பதில் வந்தது. அந்தக் கம்பனி அதிகாரியைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதிவிட்டதாகவும், அதைக் கிழித்துப் போட்டுவிட்டதாகவும், படத்தைப் பார்த்துத் தன் மேசையிலேயே இருந்து அழுததாகவும் எழுதியிருந்தாள். நகரசபை வழக்கு ஒன்றும் போடாதாம். ஆனால் பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குள் கிடைத்த பொருளைத் தபாலில் அனுப்ப முடியாது. உரியவர் நேரில் வந்து கையெழுத்து வைத்து எடுத்துப் போகவேண்டும்.

தேவராஜாவின் முகம் மலர்ந்ததை அவரால் மறைக்க முடியவில்லை. ஏச்சு வாங்கினாலென்ன, இருபது வருடத்துக்கு முன் போட்ட கோடு நேராகத்தான் போயிருக்கிறது. அன்று பின்னேரமே அலுமாரிக்கு மேலிருந்து சூட்கேசை இறக்கித் தூசி தட்டினார். கம்பளிச் சட்டை இரண்டை எடுத்து வைத்தார்.

ரஞ்சினி வாசலில் நின்று பார்த்தாள். பிறகு வந்து அந்தக் கம்பளிச் சட்டைகளை எடுத்து மறுபடி அலுமாரிக்குள் வைத்தாள்.

"ஒரு ரிக்கற்தான் போட்டனான். எனக்கு."

"ஏன், நானும் வந்தால் என்ன? வழி எல்லாம் எனக்கெல்லோ தெரியும்."

"நீங்கள் வரவேண்டாம். வந்தால் திரும்பி வரமாட்டியள்."

அவர் வெறும் சூட்கேசை மூடினார். அவள் சொன்னது உண்மை என்று இருவருக்கும் தெரியும்.

யூலை மாதம் இரண்டாம் கிழமை அவளை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு வந்தார். நோபல் பார்க்கில் நல்ல குளிர். ஆல்ட்வெல்லில் இப்போது கோடை என்பதை நினைக்கவே பொறாமையாக இருந்தது. முதல் நாள் சோறு குழைந்தது. இரண்டாம் நாள் பாணும் வாழைப்பழமும். மூன்றாம் நாள் தேத்தண்ணியைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்தவர் ஆல்ட்வெல் காலநிலையைப் பார்க்க மறந்துபோய், ரஞ்சினியின் மருந்துப் பெட்டியில் இன்றைக்கு எந்தக் குளிசை என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பெட்டியைக் கொண்டுபோகவில்லையோ என்று பதறி மகளுக்கு அடித்தார். அது உங்களுடைய பெட்டி அப்பா என்றாள் மகள்.

அன்று பின்னேரம் ஆறு மணிக்கு வீடியோ அழைப்பு வந்தது. அங்கே காலை ஒன்பது. போனை ஹிலரி பிடித்திருக்கவேண்டும், படம் ஆடாமல் நின்றது. பின்வளவு. சிக்கிமுக்கிக் கற்களில் வெயில். துளை திறந்துகிடந்தது. உள்ளே மேல்பக்கத்தில் பதினான்கு வருட விளக்குக் கரி அப்படியே இருந்தது.

இந்தக் காட்சிக்காகத்தான் இருபது வருடம் ஏங்கினார். கண்ணை எடுக்காமல் பார்க்கவேண்டும் என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் அவர் பார்த்தது மதிலை அல்ல. அதன் முன்னால், நரைத்த கூந்தலை ஸ்காஃபால் மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் பிள்ளையாரை நெஞ்சோடு பிடித்தபடி ரஞ்சினி நின்றாள். அழுதுகொண்டிருந்தாள். மகள் பிறந்தபோதும், தாய் செத்தபோதும் அழுததைவிடப் பெரிய அழுகை.

"என்ன ரஞ்சி, பிள்ளையாருக்கு ஏதும் உடைஞ்சுபோச்சோ?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். முதுகைத் திருப்பி மதிலில் சாய்ந்துகொண்டாள்.

"கல்லு சுடுகுதப்பா" என்றாள். "காலமையே சுடுகுது. நீங்கள் போவம் போவம் எண்டு கேக்கேக்க நான் ஏன் மாட்டன் எண்டனான் தெரியுமோ? குளிருக்கில்லை. வந்தால் இப்பிடி அழுவன் எண்டு எனக்குத் தெரியும். இஞ்சை நாங்கள் எவ்வளவு நல்லா இருந்தனாங்கள்."

ஆல்ட்வெல்லை நினைத்து ஏங்குகிறவர் உலகத்தில் தான் ஒருவர்தான் என்று தேவராஜா எண்ணியிருந்தார். அவர் நாள்தோறும் பூனைக் கதை சொல்ல, அவள் குப்பை வாளிக் கதை சொல்லித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். அவரை மெல்பேர்ணுக்கு இழுத்து வந்தவள், தன்னையும்தான் இழுத்து வந்திருக்கிறாள்.

"ஹிலரி வீட்டில ஒரு அறை இருக்காம்" என்றாள் ரஞ்சினி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "இன்னும் ஒரு மாதம் நிண்டுபோட்டு வரட்டே?"

போனில் மதில் தெரிந்தது. குசினியில் குழைந்த சோற்றுச் சட்டி ஊறிக்கொண்டிருந்தது. நில்லும், நல்லா நிண்டுபோட்டு வாரும் என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். அதுதான் நியாயம்.

"வேண்டாம், ரஞ்சி. நீர் கெதியா வாரும்."

"ஏன்? ஒரு மாதம்தானே."

"பிள்ளையார் இருபது வருசம் தனிய இருந்தவர்" என்றார் தேவராஜா. "என்னாலை ஏலாது."